பத்து வருசம் கழித்து தேக்கா

மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் கடைசியாக ஓடியது 2010 டிசம்பர் 31 அன்று. சரியாக ஆறு மாசம் கழித்து, 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு, சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலேசியாவுக்குக் கடைசி ரயில் கிளம்பிப் போனது. ஜொகூர் சுல்தானே எஞ்சினில் ஏறி ஓட்டினார். அதுவும் நம்ம போடி ரயில் மாதிரி மீட்டர் கேஜ் பாதைதான்.

ரெண்டும் நின்றபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன். ஊர் ரயில் நின்னு போச்சுன்னு போனில் சொன்னார்கள். இங்கே நின்றதைப் பேப்பரில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. போடி பாதை அகலப் பாதையாக மாறி, 2022 மே 26இல் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15இல் போடி வரைக்கும் ரயில் திரும்பி வந்தது. பதினோரு வருசத்துக்கும் மேல் தேனி மாவட்டத்துக்கு ரயிலே கிடையாது, ஆனால் ரயில் போன இடத்துக்கு ரயில்தான் வந்தது. சிங்கப்பூரில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, தீவின் வடக்கிலிருந்து தெற்கு வரை 24 கிலோமீட்டருக்கு நடைபாதை ஆக்கிவிட்டார்கள். ரெண்டையும் “மாறிப்போச்சு” என்று ஒரே சொல்லில் சொல்லலாம். ஆனால் ரெண்டும் ஒரே மாற்றம் இல்லை.

2024 நவம்பரில் எட்டு நாள் சிங்கப்பூர் போய்விட்டு வந்ததிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூர் பயணம் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதுவது பயணக் குறிப்பு இல்லை. ஒரு ஊர் எதை வைத்துக்கொள்கிறது, எதைக் கழித்துவிடுகிறது, அந்தக் கணக்கில் அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன் எங்கே வருகிறான் என்பது பற்றி.

கொஞ்சம் என்னைப் பற்றிச் சொன்னால்தான் விஷயம் புரியும். எங்க ஊர் கெங்குவார்பட்டி. வத்தலக்குண்டு–பெரியகுளம் ரோட்டில், காட்ரோடு பிரிவுக்குப் பக்கம். கொடைக்கானல் போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். டெஸ்ட் அடித்து, ஏஜென்ட்டுக்குக் காசு கட்டி, 2009இல் ஒர்க் பெர்மிட்டில் போனேன். 2014இல் திரும்பினேன். அந்த ஐந்து வருசமும் டவுன்டவுன் ரயில் பாதையின் இரண்டாம் கட்ட வேலை. தரைக்கு அடியில்.

அந்தப் பாதை திறந்தது 2015 டிசம்பர் 27இல். அப்போது நான் ஊரில் இருந்தேன். ஆக, ஐந்து வருசம் தோண்டிய பாதையில் ஒரு தடவைகூட ரயிலில் போனதில்லை. அக்கா மகன் இப்போது அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். “மாமா, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க”ன்னு ரெண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாற்றம் திருச்சியிலேயே ஆரம்பித்துவிட்டது. நான் வந்து போன காலத்தில் திருச்சி விமான நிலையம் ஒரு பெரிய பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். புது முனையம் 2024இல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. கோபுர வடிவம், கோலம், சுவரோவியம் என்று ஆளே மாறிவிட்டது. சாங்கியில் இறங்கினால், முன்பு கையில் ஒரு வெள்ளை அட்டை நிரப்புவோம், அதில் போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். முதல் தடவை வருகிற பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, அம்மா கொடுத்த பருப்புப்பொடியைக்கூடப் பயந்து பயந்து எடுத்து வருவார்கள். அந்த அட்டை இப்போது இல்லை. எல்லாம் முன்கூட்டியே போனில். பாஸ்போர்ட்டில் முத்திரையும் குத்துவதில்லை, மின்னஞ்சலில் அனுமதி வந்துவிடுகிறது. பழைய பாஸ்போர்ட்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. புது பாஸ்போர்ட்டைப் பார்த்தால் நான் சிங்கப்பூர் போனதற்கே அடையாளம் கிடையாது.

சரி, ரயிலுக்கு வருகிறேன்.

ரோட்டுக்கு அடியில் எப்படி ஸ்டேஷன் கட்டுகிறார்கள் என்று ஊரில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எலி வளை மாதிரி பக்கவாட்டில் தோண்டிக்கொண்டு போவது சுரங்கத்துக்கு மட்டும்தான். ஸ்டேஷனை மேலேயிருந்துதான் தோண்ட வேண்டும். முதலில் ரோட்டை நகர்த்துவார்கள். வண்டி ஓடுகிற ரோட்டை ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பக்கம் தள்ளிக் கோடு போட்டுவிட்டு, காலி ஆன பாதியில் வேலை நடக்கும். அதற்கும் முன்னால் அடியில் கிடக்கிற தண்ணீர்க் குழாய், கரண்டு கேபிள், டெலிபோன் கேபிள் எல்லாவற்றையும் தேடி எடுத்து இடம் மாற்ற வேண்டும். இந்த வேலைக்கே மாசக்கணக்கில் ஆகும்.

அப்புறம் டயஃப்ரம் சுவர். நாங்கள் டி-வால் என்போம். ஒரு மீட்டர் அகலத்தில் நீளமாக, ஆழமாக ஒரு பள்ளம் தோண்டுவார்கள். மண் சரியாமல் இருக்க, தோண்டத் தோண்ட பென்டோனைட் என்கிற களிமண் கரைசலை உள்ளே நிரப்பிக்கொண்டே வருவார்கள். பார்க்கக் கூழ் மாதிரி இருக்கும். அதன் கனம்தான் பள்ளத்தின் சுவரைப் பிடித்து நிறுத்துகிறது. பிறகு கம்பிக் கூடு இறங்கும். குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஊற்ற, கான்கிரீட் ஏற ஏற கரைசல் மேலே வழிந்து வெளியேறும். இப்படிச் சுற்றிலும் சுவர் எழும்பிய பிறகுதான் நடுவில் மண்ணை அள்ளுவது. கீழே இறங்க இறங்க, ரெண்டு பக்கச் சுவரும் உள்ளே சாயாமல் குறுக்கே இரும்புத் தூண்களை முட்டுக் கொடுத்துக்கொண்டே போகணும். அடித்தளம் போட்டு, தளம் தளமாக மேலே ஏறி, கூரை போட்டு, மண் மூடி, ரோட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் முடிந்தது. மேலே போகிறவனுக்கு அங்கே எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

ரோச்சோர், லிட்டில் இந்தியா பக்கம் மண் ரொம்ப மோசம். கடல்களி. கத்தியை விட்டால் வெண்ணெய் மாதிரி போகும். 2004 ஏப்ரல் 20இல் நிக்கல் நெடுஞ்சாலையில் வட்டப் பாதை வேலையின்போது முட்டுக் கொடுத்த தூண்கள் தோற்றுப்போய் ரோடே உள்ளே இறங்கியது. நாலு பேர் இறந்தார்கள். அங்கேயும் இதே களிதான். நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கதையைப் பாதுகாப்பு வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சுவர் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு என்று அளக்கவே தனியாக ஆட்கள் உண்டு.

இரண்டாம் கட்டம் 16.6 கிலோமீட்டர், 12 நிலையங்கள். புக்கிட் பாஞ்சாங்கில் ஏறி ரோச்சோர் வரை ஒரே மூச்சில் வந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் முன் கண்ணாடி வழியாகச் சுரங்கத்தைப் பார்க்கலாம். அங்கே போய் நின்றுகொண்டேன். பக்கத்தில் ஒரு சீனக் குழந்தை, அதுவும் அதே ஆர்வத்தில். சுரங்கத்தின் வளையங்களைப் பார்த்ததும் கை தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. ஸ்டேஷனில் இறங்கினால் ஒன்றும் பிடிபடவில்லை. நான் பார்த்தது பச்சைக் கான்கிரீட்டும் சேறும் மஞ்சள் விளக்கும். இப்போது டைல்ஸ், ஏசி, ஓவியம். ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தேன். இது என் கண் முன்னால் எழுந்ததா, பக்கத்துக் குழு போட்டதா என்று சொல்ல முடியவில்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் பிடித்திருந்தது. இந்தப் பாதையில் ஹியூம் என்று ஒரு நிலையம். அந்தக் காலத்திலேயே வெறும் கூடு மட்டும் கட்டி மூடிவைத்தார்கள். சுற்றிலும் ஜனம் குறைவு, தேவை வரும்போது திறக்கலாம் என்று. நான் போனபோதும் ரயில் நிற்காமல் தாண்டிப் போனது. 2025 பிப்ரவரி 28இல் திறந்துவிட்டார்கள். பத்து வருசம் கழித்து வரப்போகிறவனுக்கு இடம் போட்டுவைக்கிற ஊர் அது. இதை நான் பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் இப்படித் திட்டம் போடுகிற ஊரில், இருக்கிற எதுவும் நிரந்தரம் இல்லை என்பதும் சேர்ந்தே வருகிறது. அதற்குக் காரணம் நிலச் சட்டம். 1966இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்துக்குப் பிறகு தீவின் பெரும்பகுதி நிலம் அரசின் கையில் வந்துவிட்டது. வீடு வாங்குகிறார்கள் என்றால் பெரும்பாலும் 99 வருசக் குத்தகைக்குத்தான் வாங்குகிறார்கள். தனியார் அடுக்குமாடியாக இருந்தாலும், கட்டி பத்து வருசம் தாண்டியிருந்தால், பங்குக் கணக்கில் 80 சதவீத உரிமையாளர்கள் சம்மதித்தால் மொத்தக் கட்டடத்தையும் விற்று இடித்துவிடலாம். இந்த விதி 1999இல் வந்தது. மீதி 20 சதவீதம் ஆட்சேபிக்கலாம், ஆனால் பெரும்பாலும் கிளம்பித்தான் ஆக வேண்டும். செத்தவர்களுக்கும் இதே கணக்குதான். 1998 முதல் புதைகுழிக்கு 15 வருசம். அதற்குப் பிறகு எலும்பை எடுத்துவிடுவார்கள். நம்ம ஊரில் சுடுகாட்டுப் பாதைக்கே மூணு தலைமுறையாகத் தகராறு நடக்கிறது.

நான் இருந்தபோது ரோச்சோரில் நாலு கட்டடம் நிற்கும். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. ரோச்சோர் சென்டர் என்று பேர். அடியில் கடைகள், மேலே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அரசு வீடுகள். எங்கள் வேலைத்தளத்திலிருந்து மேலே ஏறி வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த நிறங்கள்தான். பையன்கள் ஊருக்கு அனுப்புகிற போட்டோவில் பாதிக்கு அதுதான் பின்னணி. வடக்கு–தெற்குப் பெருவழிக்காக 2016இல் குடியிருந்தவர்களைக் காலி செய்து, பிறகு இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே தடுப்புத் தகடு, கிரேன், மஞ்சள் சட்டை போட்ட பையன்கள். கொஞ்சம் தள்ளி சுங்கை ரோடு. 1930களிலிருந்து நடந்த பழைய பொருள் சந்தை. திருட்டுச் சந்தை என்பார்கள். பழைய செருப்பு, ரேடியோ, கைக்கடிகாரம், ஒற்றை ஸ்பூன் வரைக்கும் விற்பார்கள். நான் வாங்கிய முதல் செல்போன் அங்கேதான். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. இடத்துக்கு வாடகை கிடையாது என்பதால்தான் அந்தச் சந்தை நடந்தது. அப்படி ஒரு இடத்தை அந்த ஊர் வரைபடத்தில் ரொம்ப நாள் விட்டுவைக்காது.

எதையுமே காப்பாற்றுவதில்லை என்று சொன்னால் அதுவும் பொய். லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் மூன்றையும் 1989 ஜூலையில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அந்தக் கடைவீடுகளின் முகப்பு, கூரை, ஜன்னல் எதிலும் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. அதனால்தான் பத்து வருசம் கழித்துப் போனாலும் சிராங்கூன் சாலை சட்டென்று அடையாளம் தெரிகிறது. வீரமாகாளியம்மன் கோயில், ஐந்தடி நடைபாதை, பூக்கடை, கோமளவிலாஸ் எல்லாம் இருக்கு.

காப்பாற்றுவது சுவரைத்தான், சுவருக்குள் நடக்கும் தொழிலை இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் முழுசாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு யார் கூடுதல் வாடகை தருகிறாரோ அவர் உள்ளே வருகிறார். மாவு மில், தையல் கடை இருந்த இடத்தில் இப்போது காபிக் கடை, தங்கும் விடுதி. முகப்பு அதேதான், பெயிண்டு முன்னைவிட நன்றாகவே இருக்கு.

இதில் புலம்ப ஒன்றும் இல்லை என்றும் தோன்றியது. அந்த இடமே அப்படி வந்ததுதான். மலாயில் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். பஃபலோ ரோடு, பெலிலியோஸ் ரோடு எல்லாம் மாட்டு வியாபாரம் நடந்த காலத்தின் மிச்சம். பெலிலியோஸ் என்பவரே மாட்டு வியாபாரிதான். தேக்கா என்பது ஹொக்கியன் சீனத்தில் சின்ன மூங்கில் அடிவாரம் என்று பொருள் தருகிற பெயரிலிருந்து வந்தது. மூங்கிலும் போனது, மாடும் போனது. மாடு போன இடத்துக்குத்தான் நாம் வந்தோம். லிட்டில் இந்தியா என்கிற பெயரே சுற்றுலாவுக்காகப் பிரபலமானது. எங்களில் யாரும் “லிட்டில் இந்தியா போறேன்” என்று சொன்னதில்லை. தேக்கா போறேன் என்போம், இல்லையென்றால் வெறுமனே “சிராங்கூன்”.

எனக்கு முக்கியமான தேக்கா கட்டடம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. அதைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் இல்லை.

அப்போது ஞாயிறு என்றால் மத்தியானத்திலிருந்து டார்மிட்டரி பஸ்கள் வந்து கொட்டிக்கொண்டே இருக்கும். எதற்கு வருவோம்? ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கணும். சுரண்டி நம்பர் எடுக்கிற போன் கார்டு வாங்கணும். கேட்டரிங் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போயிருக்கும், ஒரு நல்ல மீன் குழம்பு வேணும். முஸ்தபாவில் ஊருக்குக் கொண்டுபோகச் சாமான் பார்க்கணும், அப்போது அந்தக் கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும். இதெல்லாம் சாக்கு. புல் தரையில் உட்கார்ந்து ஊர்க்காரனோடு பேசத்தான் வருவது. இன்ன மூலையில் பட்டுக்கோட்டை, இன்ன மரத்தடியில் ராமநாதபுரம் என்று எழுதாத வரைபடம் ஒன்று இருந்தது. தேனி, கம்பம் பக்கத்து ஆட்கள் ரொம்பக் குறைவு, எனவே நான் மன்னார்குடிக்காரர்கள் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டேன்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு தனியார் பஸ் மோதி புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் ஒருவர் இறந்தார். தொடர்ந்து கலவரம். வண்டிகள் எரிந்தன. நாற்பது வருசத்துக்கும் மேலாக அந்த ஊர் பார்க்காத ஒன்று. நான் அன்றைக்கு டார்மிட்டரியில் இருந்தேன். ராத்திரி முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஊரிலிருந்தும், மற்ற டார்மிட்டரிகளிலிருந்தும். 57 பேரைத் திருப்பி அனுப்பினார்கள், 25 பேர் மீது வழக்கு. 2015 ஏப்ரலிலிருந்து இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கக்கூடாது என்று தீவு முழுக்கச் சட்டம், லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் வார இறுதியில் இன்னும் கூடுதல் கட்டுப்பாடு. டார்மிட்டரிகளுக்கு உள்ளேயும் பக்கத்திலுமே கடை, விளையாட்டுத் திடல், திரை எல்லாம் வந்தன. வசதிதான். ஆனால் வெளியே வரவேண்டிய காரணம் ஒவ்வொன்றாகக் கழன்றது.

2020 மிச்சத்தையும் முடித்தது. டார்மிட்டரிகளைப் பூட்டினார்கள். அந்த வருசக் கடைசியில் அரசே வெளியிட்ட கணக்கின்படி, டார்மிட்டரிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 சதவீதம் பேருக்குக் கோவிட் வந்துபோயிருந்தது. நகரத்தில் மற்றவர்கள் வெளியே நடமாட ஆரம்பித்த பிறகும் இவர்களுக்கு வெளியே வர அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 2022 ஜூனில் அதைத் தளர்த்தியபோதுகூட, ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளும் லிட்டில் இந்தியா உட்பட நாலு இடங்களுக்குப் போகத் தனிச் சீட்டு, அதுவும் ஒரு நாளைக்கு 80,000 பேருக்கு மட்டும்.

இதற்கிடையில் போன் எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டது. கார்டுக்குப் பதில் வாட்ஸ்அப். பணம் அனுப்ப ஆப். 2023 பிப்ரவரி 21இல் நம்ம யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை படுத்த படுக்கையிலிருந்தே அனுப்பலாம். இது எவ்வளவு பெரிய நன்மை என்று, வரிசையில் நின்று ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவனுக்குத்தான் தெரியும். அந்த வரிசையில்தான் மன்னார்குடி அண்ணனைப் பழக்கம் என்பதும் உண்மை.

அந்த அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். 2005இல் போனவர். ஞாயிறு சாயங்காலம் தேக்கா சந்தை பக்கம் வரச் சொன்னார். கூட்டம் இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனால் உட்காருவது குறைந்துவிட்டது, நடந்துகொண்டே இருக்கிறார்கள். பல புல்தரைகளுக்கு வேலி.

“என்னண்ணே, எல்லாம் மாறிருச்சு போல.”

“கடை மாறல தம்பி. வர்ற ஆளு மாறிட்டான். இப்ப வர்ற பயலுவ சாமான் வாங்குறான், போட்டோ எடுக்குறான், பஸ் ஏறிப் போயிர்றான். ஒக்காந்து பேசுறதுக்கு ஆளு இல்ல. ஒன்னு சொல்லட்டா, நீயும் இப்ப டூரிஸ்ட்டுதான?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அது சரியான வார்த்தை. பெர்மிட்டில் இருந்தபோது என் பெயரில் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்டியிருந்தார், நான் ஒழுங்காகத் திரும்பிப் போவதற்கு. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட்காரருக்கும் அந்தப் பிணை உண்டு. பெர்மிட் எத்தனை வருசம் நீண்டாலும் அது குடியுரிமைக்குப் போகிற பாதை இல்லை. அக்கா மகன் வைத்திருக்கிற பாஸ் வேறு. அவன் நிரந்தரவாசத்துக்கு மனுப் போடலாம். 2024 கணக்கில் 60 லட்சத்து 40 ஆயிரம் ஜனம், அதில் 18 லட்சத்துக்கும் மேல் குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவர்கள். வீட்டில் அதிகம் பேசுகிற மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 சதவீதம், 2020இல் 2.5 சதவீதம். தமிழ் குறைகிறது என்று அங்கே கவலைப்படுகிறார்கள், நியாயமான கவலை. ஆனால் அந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணுவது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் காதில் விழுகிற தமிழில் பெரும்பகுதி அந்தச் சதவீதத்தில் இல்லவே இல்லை.

கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் போனேன். நான் கிளம்பியபோது அது கட்டுமானத்தில் இருந்தது. உள்ளே ஒரு செட்டிநாட்டு வாசல் நிலை இருக்கு, 19ஆம் நூற்றாண்டு வேலை, இழை இழையாகச் செதுக்கியது. ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றேன்.

காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் வாசல் சிங்கப்பூரில் கண்ணாடி வெளிச்சத்தில் நிற்கிறது. கெங்குவார்பட்டியில் எங்கள் தெருவில் ஓட்டு வீடு, திண்ணை, மரத்தூண் என்று எத்தனை இருந்தன, இப்போது எத்தனை இருக்கின்றன என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவற்றை எந்த அரசும் திட்டம் போட்டு இடிக்கவில்லை. சிங்கப்பூர், துபாய், திருப்பூர்க் காசு வந்து இடித்தது. எங்கள் வீட்டுத் திண்ணையும் 2012இல் நான் அனுப்பிய பணத்தில்தான் போனது. அம்மாவுக்கு மழையில் ஒழுகாத கூரை வேண்டியிருந்தது, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அங்கே போய் “பழசெல்லாம் போச்சே” என்று சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கு. அதே ஐந்து வருசக் கூலியில் அங்கே ஒரு ஸ்டேஷன் எழுந்தது, இங்கே ஒரு திண்ணை இறங்கியது. அங்கே முகப்பையாவது காப்பாற்ற ஒரு அலுவலகம் இருக்கு.

கடைசி நாளுக்கு முந்தின நாள் பழைய ரயில் பாதையில் நடந்தேன். புக்கிட் தீமா நிலையத்தைப் பழுது பார்த்து 2022இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். சின்ன ஓட்டுக் கூரை, பிளாட்பாரம், பெயர்ப் பலகை, கொஞ்சம் தண்டவாளம். பாதை சிங்கப்பூருக்குள் ஓடினாலும் நிலம் மலேசிய ரயில்வே வசம் இருந்தது. 1990இல் போட்ட ஒப்பந்தத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று இருபது வருசம் சண்டை போட்டு, 2010இல் மரினா சவுத், ஓஃபிர்–ரோச்சோர் பக்கம் நிலத்தை மாற்றிக்கொள்வது என்று முடித்தார்கள். கடைசி ரயில் போன மறுநாளிலிருந்து ஜூலை 17 வரை தண்டவாளத்தின் மேல் நடக்கப் பொதுமக்களை விட்டார்கள். அந்த நாட்களில் எனக்கு ஓடி வேலை இருந்ததால் போக முடியவில்லை. இப்போது இரும்புப் பாலம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதிலிருந்து இறங்கினால் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையம் பக்கத்திலேயே, எங்கள் டவுன்டவுன் பாதையில் ஒன்று. நான் அங்கே இருந்த ஐந்து வருசத்தில் மூடிய பாதையும் தோண்டிய பாதையும் சந்திக்கிற இடம் அது. ஓடுகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். பாலத்தில் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது ஒரு ஜோடி.

இது போடிக்கு வந்ததைவிட நல்ல முடிவா? நடக்கிறவனுக்கு நல்ல முடிவு. மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆண்டிபட்டிக்காரருக்கு ரயில்தான் வேணும்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு செய்தி வந்தது. பெர்மிட்காரர்கள் இத்தனை வருசம்தான் வேலை பார்க்கலாம் என்று இருந்த உச்சவரம்பை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள், வயது வரம்பையும் 60இலிருந்து 63 ஆக்கிவிட்டார்கள். அண்ணனுக்கு அனுப்பினேன். அவருக்கு எனக்கு முன்னாடியே தெரிந்திருந்தது. குரல் பதிவு ஒன்று அனுப்பினார், பின்னால் லாரி சத்தம். “பாத்தேன் தம்பி. நம்மளும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம். இங்க தேக்காவுல அந்தப் பழைய டீக்கடைய எடுத்துட்டானுவ, ஒனக்குச் சொன்னேனா? இப்ப அதுல போன் கவர் விக்கிறான்.”